பாடாலூர் வரை ஒரே மூச்சு

எனக்கு வந்த நோயின் பெயரை இன்றுவரை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. வெள்ளைக்கார டாக்டர்கள் சிலரின் பெயரைச் சேர்த்து அதற்கு வைத்திருக்கிறார்கள். ஊரில் யாராவது கேட்டால் "நரம்பு ஜுரம்" என்று சொல்லிவிடுவேன். அதுவும் தப்பு, ஜுரமே வரவில்லை. போன மாதம் செந்துறைப் பக்கத்திலிருந்து ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகள் கால் இரண்டும் விழுந்துபோய்த் தஞ்சாவூரில் படுத்திருக்கிறாளாம், இதே நோய் என்று டாக்டர் சொன்னாராம். "நீங்க பொழச்சி நடக்கறீங்களே, எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க" என்றார். வாயால் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் தொண்டை கட்டிக்கொண்டது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு உட்கார்ந்து எழுதியது இது.

எழுபதுகளின் கடைசியில் நான் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அரியலூரிலிருந்து பெரம்பலூர் வழியாகப் பாடாலூர் போய்த் திரும்பும் வண்டி. டிரைவர் செல்லமுத்து அண்ணன் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பேச்சு கம்மி, கேலி ஜாஸ்தி. எனக்கு இருந்த ஒரே சொத்து குரல். அரியலூர் ஸ்டாண்டில் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று, "தவுத்தாய்குளம், மேலமாத்தூர், சித்தளி, பேரளி, கவுல்பாளையம், பெரம்பலூர், சிறுவாச்சூர், பாடாலூர்" என்று ஒரே மூச்சில் கூவுவேன். கடைசியில் பாடாலூரை நன்றாக இழுத்து விடுவேன். பக்கத்து வண்டிக்காரன் கூவுவது யாருக்கும் காதில் விழாது. எனக்குக் கல்யாணம் பேச வந்தவர்கள்கூட முதலில் என் குரலைத்தான் கேட்டார்கள் என்று என் மனைவி தனலட்சுமி சொல்லுவாள். அவளும் கேலிக்குச் சளைத்தவள் இல்லை.

அந்த வருஷம் ஏலாக்குறிச்சி மாதா கோவில் திருவிழாவுக்கு எங்கள் வண்டியை ஸ்பெஷலாக விட்டார்கள். அங்கே வெயிலில் எதையோ தின்று எந்தத் தண்ணீரையோ குடித்ததில் வயிற்றுப்போக்கு வந்தது. இரண்டு நாளில் சரியாகிவிட்டதால் அதை மறந்தும் போனேன். கொஞ்ச நாள் கழித்து, ஓடுகிற வண்டியில் டிக்கெட் கிழித்துக்கொண்டே நடக்கும்போது என் கால் கட்டைவிரல் பலகையில் தட்டியது. ஒரு தடவை என்றால் பரவாயில்லை, சீட்டுக்குச் சீட்டு தட்டியது. பேரளியில் ஏறிய ஒரு பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன கண்டக்டரே, காலையிலயேவா?" என்று கேட்டார். வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் எனக்கு உள்ளே ஏதோ சரியில்லை என்று பட்டுவிட்டது.

கண்டக்டர் வேலையில் கை இரண்டும் டிக்கெட்டுக்கும் பைக்கும்தான். கம்பியைப் பிடிக்கக் கை மிச்சம் இருக்காது. பள்ளத்தில் வண்டி இறங்கினாலும் பிரேக் அடித்தாலும் கால்தான் நம்மைத் தாங்கவேண்டும். அது எப்படித் தாங்குகிறது என்று அதுவரை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அன்று மாலை மேலே சாமான் தட்டில் இருந்த ஒரு மூட்டையை எடுக்க எக்கினேன். குதிகால் தரையைவிட்டுக் கிளம்பவே இல்லை. மறுநாள் வண்டிப் படியில் ஏறும்போது முட்டி மடங்கிக் குப்புற விழுந்தேன். சில்லறை முழுக்கத் தரையில் ஓடியது. செல்லமுத்து அண்ணன் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்து என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். அப்போது அவர் கேலி எதுவும் பண்ணவில்லை.

அக்கம்பக்கத்தில் வாதம் என்றார்கள், எண்ணெய் போட்டு உருவினார்கள். அடுத்த நாள் தரையில் உட்கார்ந்தவனுக்கு எழுந்திருக்க வரவில்லை. பிள்ளைகளைத் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டுத் தனம் என்னை ஒரு மாட்டு வண்டியில் போட்டு, அரியலூரில் கடைவீதிக்குப் பின்னால் இருந்த சின்ன நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனாள்.

அங்கே வெளியே பெஞ்சில் சாய்ந்து காத்திருந்தது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. காத்திருந்தவர்களில் பாதிப்பேர் என் வண்டியில் வருகிறவர்கள். "கண்டக்டருக்கு என்னாங்க?" என்று ஆளுக்கு ஆள் தனத்திடம் கேட்டார்கள். அவள் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்: "கால்ல கொஞ்சம் பலமில்லைங்க, சரியாயிடும்." அதைச் சொல்லும்போது என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

டாக்டர் உயரமான மனிதர். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பார். என்னை மேஜையில் படுக்கவைத்து, சின்ன ரப்பர் சுத்தியலால் முட்டிக்குக் கீழே தட்டினார். நல்ல கால் என்றால் அந்தத் தட்டுக்குத் தானாகவே உதறவேண்டுமாம். என் கால் கட்டை மாதிரிக் கிடந்தது. இன்னொரு காலும் அப்படியே. குதிகாலுக்குப் பின்னால் தட்டினார், முழங்கையில் தட்டினார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்தவர் ஒன்றும் எழுதாமல் மறுபடி செருகிக்கொண்டார்.

பிறகு முதுகெலும்பின் இடையில் ஊசி குத்திக் கொஞ்சம் தண்ணீர் எடுத்தார். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி இருக்கும் தண்ணீராம் அது. அதைச் சோதிக்கிற வசதி திருச்சியில்தான் இருந்தது. செல்லமுத்து அண்ணன்தான் அந்தக் குப்பியைத் துணியில் சுற்றி, பாடாலூரில் திருச்சி வண்டி டிரைவர் ஒருவரிடம் ஒப்படைத்து, முடிவையும் அதேபோல் வாங்கி வந்தார். தண்ணீரில் புரதம் ஏறியிருந்தது, கிருமி எதுவும் இல்லை. டாக்டருக்கு அது போதுமாக இருந்தது.

அவர் அறைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. தோலை உரித்துவிட்ட ஆள் ஒருவன் கையை விரித்து நிற்கிறான். உடம்பு முழுக்கச் சிவப்புச் சிவப்பாகத் தசைகள். தனம் அதைப் பார்க்க மாட்டாள், தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். டாக்டர் பென்சிலால் அந்த ஆளைத் தொட்டுத் தொட்டு எனக்குச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை ஒட்டி ஓடுகிற தசை பாதத்தின் முன்பக்கத்தைத் தூக்குகிறது. அது போனதால்தான் கட்டைவிரல் தட்டியது. பின்னால் கெண்டைக்காலில் இரண்டு தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்து, ஒரே தடித்த நாராகிக் குதிகால் எலும்பில் பிடித்திருக்கின்றன. எக்குவதற்கு அவைதான். தொடையின் முன்பக்கத்தில் நாலு தசைகள் ஒரு கட்டாகச் சேர்ந்து முட்டியை நிமிர்த்துகின்றன. படியில் நான் மடங்கி விழுந்தது அதனால். உட்கார்ந்தவனை எழுப்பிவிடுவது புட்டத்துத் தசை, உடம்பிலேயே பெரிய தசை அதுதானாம். "அதையும் நாம உக்கார்றதுக்குத்தான்னு நெனச்சிக்கிட்டு இருக்கோம்" என்று சொல்லிச் சிரித்தார்.

"தசைக்கு என்னாச்சுங்க சார்?"

"தசைக்கு ஒன்னுமில்ல கலியமூர்த்தி. மூளையிலேருந்து தசைக்கு உத்தரவு கொண்டுபோற நரம்பு இருக்கே, அது மேல ஒரு உறை இருக்கும், கரண்ட் ஒயர்ல இருக்கற மாதிரி. வயித்துல வந்த கிருமியோட சண்டை போடப் போன உங்க உடம்பு, ஆள் தெரியாம அந்த உறையையும் அடிச்சிட்டு இருக்கு. உத்தரவு போய்ச் சேரல, அவ்வளவுதான்."

"சரியாயிடுங்களா?"

"பெரும்பாலும் தானா சரியாயிடும். கால்ல ஆரம்பிச்சு மேல ஏறும், எங்கயாவது நிக்கும், அப்புறம் எறங்க ஆரம்பிக்கும்."

"எங்க நிக்குங்க சார்?"

"அதச் சொல்ல முடியாது."

ஏறியது. காலையில் டாக்டர் வந்து, காலைத் தூக்குங்க, அமுக்குங்க, என் கையை இழுங்க, விடாதீங்க என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பார். நேற்று முடிந்தது இன்று முடியாது. முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் தூண் மாதிரி ஓடும் நீளத் தசைகள் போனதும் உட்காரவைத்தால் சரிந்து விழுந்தேன். வயிற்றுத் தசைகள் போனதும் இருமல் வந்தால் இரும முடியவில்லை. தோளைத் தொப்பி போட்டதுபோல் மூடியிருக்கும் தசை போனதும் கை மேலே எழவில்லை. மேற்கையின் முன்பக்கத் தசை மடக்கும், பின்பக்கத் தசை நீட்டும் என்று டாக்டர் சொல்லிக்கொடுத்த இரண்டு நாளில் இரண்டும் என்னைவிட்டுப் போயின. கடைசியில் விரல். டிக்கெட் கிழித்துக் காய்த்துப்போன என் கட்டைவிரல் ஒரு காகிதத்தைக்கூடப் பிடிக்காமல் கிடந்தது. மூக்கு அரித்தால் சொறியத் தனத்தைக் கூப்பிடவேண்டும். ஈ உட்கார்ந்தால் அவளைக் கூப்பிடவேண்டும். அவள் பக்கத்திலேயே ஒரு ஓலை விசிறியோடு உட்கார்ந்து, ராத்திரியில் என் முட்டிகளை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டே தூங்கிவிடுவாள். கால் அசையவில்லையே தவிர, வலி மட்டும் குறைவில்லாமல் இருந்தது.

இனி ஏறினால் மூச்சுதான் என்று எனக்கே புரிந்தது. டாக்டரும் மறைக்கவில்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை மாதிரி ஒரு தசை இருக்கிறது. உதரவிதானம் என்று பெயர். அது கீழே இறங்கினால் காற்று உள்ளே வரும், மேலே ஏறினால் வெளியே போகும். விலா எலும்புகளுக்கு இடையில் இருக்கும் தசைகள் அதற்கு உதவும். கைகால் தசை போலவே அதுவும் நரம்பு வழியாக வரும் உத்தரவுக்குத்தான் வேலை செய்கிறது. அது நின்றால் திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சு மெஷின் இருக்கிறது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து மெஷினோடு இணைப்பார்கள்.

டாக்டர் போன பிறகு நான் நர்ஸிடம் கேட்டேன். "கொழாய் போட்டா பேச்சு வருமாம்மா?"

"போட்டிருக்கற வரைக்கும் வராதுங்க. எடுத்தப்புறம் வரும்." போர்வையை இழுத்துவிட்டபடி, "சில பேருக்குக் கொரல் பழையபடி வர்றதில்ல" என்றாள்.

உயிருக்குப் பயமா குரலுக்குப் பயமா என்று கேட்டால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் குரலுக்குத்தான் பயம். கால் போன கண்டக்டரை முதலாளி ஸ்டாண்டில் உட்காரவைத்துக் கூவச்சொல்லலாம். குரல் போன கண்டக்டரை என்ன செய்வார்? படுக்கையில் கிடந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூச்சு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க டாக்டரிடம் ஒரு எளிய வழி இருந்தது. நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு, இடையில் மூச்சு வாங்காமல் ஒன்று இரண்டு என்று எண்ணவேண்டும். எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே நிறுத்தவேண்டும். முதல் தடவை நான் எண்ணிக்கொண்டே போகும்போது நர்ஸ் ஏதோ கேட்டாள், எண்ணிக்கை தவறிவிட்டது. டாக்டர் சிரித்தார்.

"கூவுறது உங்க தொழில்தானே. ஊர்ப் பேரையே சொல்லுங்க. ஒரே மூச்சுல பாடாலூர் போயிட்டா நமக்குப் பயமில்ல. பேரளியோட நின்னுட்டா திருச்சிக்குக் கெளம்பிட வேண்டியதுதான்."

நான் கூவினேன். மெதுவாகத்தான், ஆனால் பாடாலூர் வந்துவிட்டது. தனத்தின் முகம் மலர்ந்தது. அன்றிலிருந்து காலையும் மாலையும் டாக்டர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தபடி, கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு, "ம், பஸ்ஸ எடுங்க" என்பார். நான் பாடாலூர் போய்ச் சேருவேன். கை போன பிறகும் பாடாலூர் போனேன், தலையைத் தூக்க முடியாமல் போன பிறகும் போனேன். டாக்டருக்கே ஆச்சரியம். "மேல ஏறாம நின்னுடுச்சு போலிருக்கு" என்றார். தனம் செட்டிகுளம் முருகனுக்கு வேண்டிக்கொண்டதைச் சொன்னாள்.

ஆனால் எனக்கு என்னவோ செய்தது. படுத்தால் திணறியது, தலைக்கு மூன்று தலையணை கேட்டேன். காலையில் மண்டை இடிக்கும். கண்ணை மூடித் தூக்கம் வந்த மறுகணம் யாரோ நெஞ்சில் உட்கார்ந்ததுபோல் விழித்துக்கொள்வேன். இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னால் குழாய் போட்டுவிடுவாரோ என்று வாயைத் திறக்கவில்லை. பாடாலூர்தான் வந்துவிடுகிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு மதியம் இரண்டு நடைக்கு நடுவில் செல்லமுத்து அண்ணன் பார்க்க வந்தார். டாக்டர் அப்போதுதான் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அண்ணன் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நான் கூவினேன். பாடாலூர் வந்தது. டாக்டர் என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். அண்ணன் என்னிடம் வந்து உட்காருவார் என்று பார்த்தால், என்னை ஒரு மாதிரி உற்றுப் பார்த்துவிட்டு டாக்டர் பின்னாலேயே போனார். நடுவில் தட்டி மறைப்புதான். அவர் பேசியது எனக்குக் கேட்டது.

"சார், நான் படிக்காதவன். தப்பா இருந்தா மன்னிச்சிக்குங்க. இவன் நல்லா இருக்கறப்ப இப்படிக் கூவமாட்டான் சார். பாடாலூர்னு சொல்லி இழுப்பான் பாருங்க, வண்டி கெளம்பற வரைக்கும் இழுப்பான். இப்ப இழுக்கல. ஜலதோசம் புடிச்சா இப்படித்தான், ஊருக்கு ஊரு மூக்கால நைசா மூச்சு வாங்கிக்குவான். கேக்கறவங்களுக்கு விட்டு விட்டுக் கூவுறது தெரியாது. எங்க ஆளுங்க எல்லாரும் செய்யறதுதான்."

நான் அதைச் செய்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நடை நடையாகக் கூவிக் கூவிப் பழகிய மூக்கு, என்னைக் கேட்காமல் அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

டாக்டர் திரும்பி வந்தார். என் சட்டைப் பித்தான்களைக் கழற்றிவிட்டு, இந்தத் தடவை கடிகாரத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். கழுத்தில் இரண்டு பக்கமும் காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்புக்கு இறங்கும் தசைகளை விரலால் தொட்டார். சும்மா படுத்திருக்கும்போதே அவை ஒவ்வொரு மூச்சுக்கும் புடைத்தன. தலையைத் தூக்கப் பலமில்லாத தசைகள் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் மூச்சுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தன. பெரிய தசை தளர்ந்தால்தான் இவை உதவிக்கு வருமாம். வயிற்றில் கை வைத்தார். மூச்சை இழுக்கும்போது மேலே எழும்பவேண்டிய வயிறு உள்ளே போனது. பிறகு என் மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "இப்ப சொல்லுங்க" என்றார்.

தவுத்தாய்குளம். மேலமாத்தூர். சித்தளி என்பதில் பாதி.

"நான் காதால கேட்டனே தவிர கண்ணால பாக்கல" என்று டாக்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு சத்தமாக, "காரை எடுங்க" என்றார்.

டாக்டரின் காரை ஓட்டும் ஆள் அன்று ஊரில் இல்லை. பஸ்ஸை மாற்று டிரைவரிடம் கொடுத்துவிட்டுச் செல்லமுத்து அண்ணனே அம்பாசிடரில் ஏறி உட்கார்ந்தார். பின்சீட்டில் தனத்தின் மேல் என்னைச் சாய்த்து வைத்தார்கள். டாக்டர் மறுபக்கம் உட்கார்ந்தார், மடியில் முகமூடியோடு ஒரு ரப்பர் பை. மூச்சு நின்றால் அதை அமுக்கிக் காற்றுக் கொடுக்கவேண்டும். திருச்சிக்கு லால்குடி வழி கிட்டம்தான். ஆனால் ரயில்வே கேட் மூடினால் மாட்டிக்கொள்வோம் என்று அண்ணன் பெரம்பலூர் ரோட்டில் திருப்பினார்.

என் தலை நிற்காததால் கண்ணுக்குத் தெரிந்தது காரின் கூரை மட்டும்தான். எங்கே போகிறோம் என்று தெரியவில்லை. இழுக்கிற மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகிக்கொண்டே வந்தது. ஒன்றை இழுத்து முடிப்பதற்குள் அடுத்தது வேண்டியிருந்தது. செத்துப்போய்விடுவேன் என்று நிச்சயமாக நினைத்தேன். அப்போது முன்னாலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"மேலமாத்தூர் தாண்டிட்டோம் கலியா."

கொஞ்ச நேரம் கழித்து, "சித்தளி."

ஊரைச் சொல்லி அவர் எனக்குத் தைரியம் கொடுக்கிறார் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு வந்தது ஆத்திரம். என் குரலுக்கு உலை வைத்துவிட்டு என் வேலையையும் நீயே செய்கிறாயா என்று உள்ளுக்குள் கொதித்தேன். பேரளி என்று அவர் சொன்னபோது டாக்டர் முகமூடியை என் முகத்தில் வைத்து அழுத்தினார். பை அமுங்கிய ஒவ்வொரு தடவையும் நெஞ்சு தானாக விரிந்தது. தனம் என் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்று முனகிக்கொண்டிருந்தாள். பெரம்பலூர் எப்போது வந்தது, பாடாலூர் எப்போது போனது என்று எனக்குத் தெரியாது.

திருச்சியில் கண் விழித்தபோது தொண்டையில் குழாய் இருந்தது. பக்கத்தில் மெஷின் உஸ், டக், உஸ், டக் என்று எனக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் வேண்டும் என்று சொல்லப் பார்த்தேன். காற்றுகூட வரவில்லை. காற்று குழாய் வழியாகவே உள்ளே போய் வெளியே வந்துவிடுகிறது, குரல் இருக்கும் இடத்துக்கு ஏறுவதே இல்லை என்று அங்கிருந்த நர்ஸ் விளக்கிச் சொன்னாள். தலையிலிருந்து கால்வரை என்னிடம் மிச்சமிருந்தது கண்ணும் இமையும்தான். ஆமாம் என்றால் ஒரு சிமிட்டல், இல்லை என்றால் இரண்டு என்று தனம் ஏற்பாடு செய்தாள். வலிக்குதா, திருப்பிப் படுக்க வைக்கவா, வெளிச்சம் கண்ணக் கூசுதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிப்பாள். அவள் கேட்காத எதையும் என்னால் சொல்ல முடியாது.

செல்லமுத்து அண்ணன் ஓய்வு நாளெல்லாம் வந்தார். வார்டு வாசலில் அவர் தலை தெரிந்ததும் நான் கண்ணை மூடிக்கொள்வேன். என்னால் போட முடிந்த சண்டை அது ஒன்றுதான். முதல் தடவை தூங்குகிறேன் என்று நினைத்துப் போய்விட்டார். இரண்டாம் தடவை அவருக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று தனத்திடம் விசாரித்துவிட்டு, வாங்கி வந்த இட்லிப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார்.

"இது நல்லால்லைங்க" என்று தனம் ஒரு நாள் சொன்னாள். "அன்னிக்குக் கொண்டாராம இருந்தா தூக்கத்துலயே மூச்சு நின்னிருக்கும்னு பெரிய டாக்டர் சொல்றாரு. அவரால நீங்க இருக்கீங்க. நீங்க கண்ண மூடிக்கிறீங்க."

நான் இரண்டு தடவை சிமிட்டினேன். எதற்கு இல்லை என்றேன் என்று எனக்கே தெரியாது. அவள் சொன்னது அத்தனையும் உண்மை என்று தெரிந்தும் என் மனசு இறங்க மறுத்தது. இருக்கிறேன் சரி, என்னவாக இருக்கிறேன் என்று கேட்கவேண்டும்போல் இருந்தது. கேட்க வாய் இல்லை.

கை கால் இறுகிவிடாமல் இருக்க ஒவ்வொரு மூட்டையும் மடக்கி நீட்டவேண்டும் என்று நர்ஸ் தனத்துக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஒரு நாள் தனம் சாப்பிடப் போயிருந்தாள். நான் உண்மையாகவே கண் அயர்ந்திருந்தேன். யாரோ என் பாதத்தைப் பிடித்து மேலே மடக்கினார்கள். பெரிய கை, சொரசொரப்பான கை. கண்ணைத் திறக்காமலே தெரிந்தது. அண்ணன் நர்ஸிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டே செய்தார்.

"இது கெண்டைக்கா? இவ்வளவு மடக்கினாப் போதுமா? தொடைக்கு எப்படிம்மா புடிக்கணும்?"

ஸ்டியரிங் பிடிக்கிற கையால் அவ்வளவு மெதுவாகப் பிடிக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை. பாதம், முட்டி, இடுப்பு, பிறகு கை. என் கட்டைவிரலை விரித்து மடக்கும்போது அதன் காய்ப்பைத் தடவிப் பார்த்தார். என் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைத்துக்கொள்ள எனக்குக் கை இல்லை. அவர் தோளிலிருந்த துண்டால் துடைத்துவிட்டார். தனம் திரும்பி வருவதற்குள் மறுபடி வாசலுக்குப் போய்விட்டார்.

செந்துறைக்காரருக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஏறிய வழியே அது இறங்கவும் செய்தது. வாயும் கழுத்தும் முதலில் திரும்பின. மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக எனதானது. மெஷினைச் சற்று நேரம் நிறுத்திப் பார்த்தார்கள், பிறகு அதிக நேரம், பிறகு எடுத்தேவிட்டார்கள். தோள், முழங்கை, விரல், இடுப்பு, தொடை என்று வந்து, பாதத்தைத் தூக்கும் அந்த முன்கால் தசை எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்தது. இன்றும் களைத்தால் வலது செருப்பு தேயும். மகளுக்கு நேரம் ஆகும், மாதக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டு அழவேண்டாம் என்று சொல்லுங்கள். என் குரல் பாதிதான் திரும்பியது. அதற்குப் பிறகு நான் ஸ்டாண்டில் கூவியதில்லை, முதலாளி என்னை ஆபீஸில் உட்காரவைத்தார்.

மெஷினை எடுத்த பிறகு, குழாயை எடுப்பதற்கு முன்னால், ஒரு நாள் காலையில் பெரிய டாக்டர் வந்தார். குழாய் தொண்டையிலேயே இருந்தது. அதைச் சுற்றியிருந்த காற்றுப் பையைத் தளர்த்திவிட்டு, "கொழாய் வாய விரலால அடைக்கிறேன். காத்து மேல போகும். ஏதாவது பேசிப் பாருங்க" என்றார். தனம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்துப் படுக்கைக்காரர்கள்கூட எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள்.

அத்தனை வாரமாக நான் சேர்த்து வைத்திருந்த வசவுகள் ஏராளம். முதல் பேச்சு கிடைத்ததும் யாரை என்ன சொல்லித் திட்டுவது என்று வரிசையாக மனப்பாடம் செய்திருந்தேன். தலையைத் திருப்பினேன். வாசலில் அண்ணன் நின்றிருந்தார். நான் பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்ளப்போகிறேன் என்று நினைத்து, அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளம்பினார்.

டாக்டர் குழாயை அடைத்தார். நெஞ்சில் இருந்த காற்றை எல்லாம் கூட்டித் தள்ளினேன்.

"அண்ணே."

கட்டைக் குரல், காய்ந்த ஓலை உரசுவதுபோல். எனக்கே அது யாருடைய குரல் என்று தெரியவில்லை. அண்ணன் நின்றார். என்னைப் பார்க்கவில்லை, யார் கூப்பிட்டது என்று வார்டு முழுக்கத் தேடினார். என் பாடாலூரை வருஷக்கணக்காகக் கேட்ட மனுஷனுக்கு அது நான்தான் என்று தோன்றவே இல்லை. தனம் சொல்ல வாயெடுத்தாள், அழுகை வந்து அவளால் சொல்ல முடியவில்லை.

மறுபடி மூச்சை இழுத்தேன்.

"உள்ள வாண்ணே" என்றேன்.